கிரைண்டர், கேங்கோ பிடிக்கும் கைகள்: விரல் வெளுக்காவிட்டால் அதிர்வு நோய் இல்லையா?

ஜேக்கப்ஸ்_ஃபிட்டர் (#1)

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் தெற்கில் ஜேக்கப்ஸ், மெரபேங்க், பேஹெட் பக்கம் கப்பல் பழுதுக்கு இரும்பு வேலை செய்து கொடுக்கும் பட்டறைகளைப் பற்றிய கேள்வி இது. ஆட்கள் காலையில் பேபி கிரைண்டர் (சுழலும் டிஸ்க்கால் இரும்பைத் தேய்க்கும் சிறு கை மெஷின்) பிடிக்கிறார்கள், மதியத்துக்கு மேல் துரு தட்ட நீடில் கன். வேலை முடிந்து பக்கியில் (சிறு சரக்கு வண்டி) ஏறி உட்கார்ந்த பிறகும் இருபது நிமிடம் விரல் நுனியெல்லாம் நமநமவென்று இருக்கிறது. வீடு போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடுகிறது. மேற்பார்வையாளர்கள், "விரல் வெளுக்கவில்லையே, அப்படியானால் அதிர்வு நோய் இல்லை" என்கிறார்கள். இது சரியா? சரியில்லை என்றால் முதலில் கையை வைக்க வேண்டியது எதில்? கையுறையிலா, மெஷினிலா, டாக்டரிடமா?

செவிலி_சாட்ஸ்வர்த் (#2)

தம்பி, அந்த மேற்பார்வையாளர் சொல்வது தவறு. அதை நம்பித்தான் பலர் கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அதிர்வு கையில் இரண்டு இடத்தைத் தனித்தனியாகத் தாக்கும். ஒன்று விரலுக்குள் ஓடும் சிறு ரத்தக் குழாய்கள். இன்னொன்று நரம்பு. குழாய் கெட்டால் குளிரில் அது சட்டென்று இறுகும், விரல் நுனியிலிருந்து வெள்ளையாகும். நரம்பு கெட்டால் நமநமப்பு, மரத்துப்போதல், பிறகு தொட்டால் தெரியாமல் போவது. இரண்டும் சேர்ந்து வர வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஸ்டாக்ஹோம் அளவுகோல் என்று 1986-இல் இருந்து டாக்டர்கள் பயன்படுத்தும் படிநிலையில் குழாய்க்கு ஒரு வரிசை, நரம்புக்கு வேறு வரிசை வைத்திருப்பது இதனால்தான். அவ்வப்போது மரத்துப்போவது நரம்பு வரிசையில் முதல் படி. தொடு உணர்ச்சி குறைவது இரண்டாவது. சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போட முடியாமல், வாஷரையும் நாணயத்தையும் விரலால் பிரித்தறிய முடியாமல் போவது மூன்றாவது. அதாவது பக்கியில் உட்கார்ந்து இருபது நிமிடம் நமநமக்கிறதே, அந்த நேரத்திலேயே ஆள் முதல் படியில் கால் வைத்திருக்கலாம்.

இன்னொன்று. டர்பனில் விரல் வெளுக்காதது பெரிய ஆறுதல் இல்லை. வெளுப்பதற்குக் குளிர் வேண்டும். இங்கே குளிர்காலமான ஜூலையில்கூடப் பகல் இருபது பாகைக்கு மேல். அதே ஆளை ஜோகனஸ்பர்க்கில் உறைபனி விழுந்த காலையில் ஸ்பேனரைப் பிடிக்கச் சொன்னால் விரல் மெழுகு மாதிரி ஆகிவிடும். வெயில் நோயை மறைக்கிறது, தடுப்பதில்லை. அதனால் நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி "வெளுக்கிறதா" என்பது இல்லை. "வேலைக்குப் பிறகு எத்தனை நிமிடம் மரத்திருக்கிறது, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா" என்று கேளுங்கள்.

வெளுத்த விரலில் ரத்தக் குழாய்ப் பகுதி, அதிர்வை நிறுத்தினால் வருடக்கணக்கில் கொஞ்சம் தேறலாம், புகையையும் விட்டால் நன்றாகவே தேறலாம். நரம்புப் பகுதி பெரும்பாலும் திரும்பாது. முதல் படியில் பிடிக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

கார்லிடன்வில்_கீழே (#3)

அக்கா சொன்ன வெயில் விஷயத்துக்குத் தங்கச் சுரங்கமே சாட்சி. ஆழமான ஸ்டோப்பில் (தாது வெட்டியெடுக்கும் இடம்) பாறைச் சூடு ஐம்பது அறுபது பாகை, குளிரூட்டிய காற்று வந்தாலும் வியர்வை நிற்காது. ராக் டிரில் (பாறையில் துளை போடும் கருவி) பிடிப்பவரின் விரல் அங்கே வெளுக்கவே வெளுக்காது. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்து, குளிர்காலக் காற்றில் பேருந்துக்கு நிற்கும்போது வெளுக்கும். அதை மேற்பார்வையாளர் பார்ப்பதில்லை.

2007-இல் வெளியான தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்க ஆய்வு ஒன்றில், அதிர்வுக் கருவி பிடித்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு இந்த நோய், பிடிக்காதவர்களில் 5 சதவீதம். தொடங்கியதிலிருந்து அறிகுறி வர எடுத்த காலம் சராசரியாக ஐந்தரை வருடத்துக்குச் சற்று மேல். இந்த 15 சதவீதம், உலகமெங்கும் ராக் டிரில்லுக்கு எதிர்பார்க்கும் அளவைவிடக் குறைவுதான். ஆனால் கை கெட்டவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விடுகிறார் என்பதையும் அந்த எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அளவுகோல் (#4)

தொழில் சுகாதார அளவீட்டுப் பக்கத்திலிருந்து கணக்கை எழுதுகிறேன். பட்டறையில் ஒரு தாளும் பேனாவும் போதும்.

அதிர்வின் அளவு மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர், மீ/வி². எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக்கி 2.5 வந்தால் நடவடிக்கை தொடங்க வேண்டும், 5 வந்தால் அன்றைக்கு நிறுத்த வேண்டும். இவை ஐரோப்பாவின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறையின் எண்கள், இங்கேயும் அளவீட்டாளர்கள் இவற்றைத்தான் எடுத்துப் பேசுகிறோம். வர்க்கமூலம் போட்டுக் கஷ்டப்பட வேண்டாம், பிரிட்டனில் வைத்திருக்கும் புள்ளிக் கணக்கு சுலபம். மெஷினின் அதிர்வு எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள், இரண்டால் பெருக்குங்கள், ஓடிய மணி நேரத்தால் பெருக்குங்கள். 100 புள்ளி என்றால் 2.5. 400 புள்ளி என்றால் 5.

உதாரணம். கிரைண்டர் 7 மீ/வி², ஒன்றரை மணி நேரம்: 7 × 7 × 2 × 1.5 = 147. நீடில் கன் 10 மீ/வி², முக்கால் மணி நேரம்: 10 × 10 × 2 × 0.75 = 150. கூட்டினால் 297. நூறைத் தாண்டி மூன்று மடங்கு, எட்டு மணி நேரச் சராசரி 4.3. இதற்கு ஆன நேரம் இரண்டேகால் மணிதான் என்பதைக் கவனியுங்கள். 12 மீ/வி² உள்ள கேங்கோ (கான்கிரீட் உடைக்கும் கருவி) என்றால் 21 நிமிடத்தில் நூறு, ஒரு மணி 23 நிமிடத்தில் நானூறு.

நேரத்தை ஆளிடம் கேட்டால் "நாள் பூரா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, மெஷின் கையில் நாள் பூரா இருக்கிறதுதான். ஆனால் கணக்குக்கு வேண்டியது சுவிட்ச் அழுத்தி இருக்கும் நேரம் மட்டும். அரை மணி நேரம் பக்கத்தில் நின்று ஸ்டாப்வாட்சில் எடுங்கள். இன்னொரு வழி: ஒரு டிஸ்க் தேய்ந்து தீர எத்தனை நிமிடம் என்று இரண்டு மூன்று தடவை அளந்துகொண்டு, மாலையில் குப்பைத் தொட்டியில் கிடக்கும் தேய்ந்த டிஸ்க்கை எண்ணுங்கள். அது மறக்காது, கூட்டியும் சொல்லாது.

ஜேக்கப்ஸ்_ஃபிட்டர் (#5)

நன்றி ஐயா. மெஷின் கையேட்டில் 5.5 என்று போட்டிருக்கிறது. அதை அப்படியே போடலாமா?

அளவுகோல் (#6)

போடக்கூடாது. 5.5-க்குப் பக்கத்தில் கே (K) என்று இன்னொரு எண் இருக்கும், பெரும்பாலும் 1.5. அது அளவீட்டின் நிச்சயமின்மை. கூட்டி 7 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் எந்த வேலைக்கு என்றும் பாருங்கள். மேற்பரப்பு தேய்ப்பதற்கு ஒன்று, மணல்தாள் டிஸ்க்குக்கு வேறொன்று. கம்பி பிரஷுக்குப் பெரும்பாலும் எண்ணே தந்திருக்க மாட்டார்கள், உண்மையில் அது இன்னும் அதிகமாக இருக்கலாம். பழைய மெஷின் என்றால் ஒரே திசையில் மட்டும் அளந்த காலத்து எண்ணாக இருக்கும், ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூட்டிப் போடுவது வழக்கம்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த அளவு முறை, ஐஎஸ்ஓ 5349, வினாடிக்கு 8 முதல் 16 வரையிலான மெதுவான அதிர்வுக்கு அதிக எடை தருகிறது. கிரைண்டர், நீடில் கன் போன்ற வேக அதிர்வின் எடையை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. ரத்தக் குழாய்ச் சேதத்தை அது குறைத்துக் காட்டுகிறது என்ற விவாதம் துறைக்குள் பல வருடமாக உண்டு, 2017-இல் இதற்கென்றே துணை அளவு முறை ஒன்றை ஐஎஸ்ஓ வெளியிட்டது. ஆகவே கிரைண்டருக்கு 95 புள்ளி வந்தால் "நூறுக்குள் இருக்கிறோம்" என்று கோப்பை மூடாதீர்கள்.

உளிமுனை (#7)

இத்தனை கணக்கு எதற்கு? நல்ல அதிர்வுத் தடுப்புக் கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. ஐஎஸ்ஓ 10819 முத்திரை உள்ளதே கிடைக்கிறது.

அளவுகோல் (#8)

அண்ணே, அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வினாடிக்கு 25 முதல் 200 வரையிலான அதிர்வில் கையுறைக்குள் 90 சதவீதத்துக்கு மேல் வராமல் இருந்தால் தேர்ச்சி. அதாவது அந்த வீச்சில் பத்து சதவீதம் குறைத்தாலே போதும். 200-க்கு மேல் போனால்தான் 60 சதவீதம் என்ற கடுமையான வரம்பு. இப்போது நம் மெஷின்களைப் பாருங்கள். பேபி கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று, வினாடிக்கு 183. கேங்கோ நிமிடத்துக்கு 1,200 முதல் 1,800 அடி, வினாடிக்கு 20 முதல் 30. ஒன்று பத்து சதவீத வரம்பில் நிற்கிறது. மற்றது அந்த வரம்பின் வாசலில் நிற்கிறது, அங்கே கையுறை ஒன்றும் செய்யாது. 7-ல் பத்து சதவீதம் போனால் 6.3. புள்ளிக் கணக்கில் 98-க்குப் பதில் மணிக்கு 79.

செவிலி_சாட்ஸ்வர்த் (#9)

அதோடு தடித்த கையுறை போட்டால் பிடி நழுவும் என்று ஆள் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு முழங்கை வரை ஏறும். கையுறை வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணே. வெட்டுக்கும் சூட்டுக்கும் வேண்டும், கையை வெதுவெதுப்பாக வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் கையுறை கொடுத்ததால் நேரத்தைக் கூட்டலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

உளிமுனை (#10)

ஒப்புக்கொள்கிறேன். அந்த 90 சதவீதக் கணக்கு எனக்குப் புதிது. அப்படியானால் மெஷினில்தான் கையை வைக்க வேண்டும், அதை எழுதுகிறேன்.

கிரைண்டர் கூடுதலாக அதிர்வதற்கு முதல் காரணம் மோட்டார் இல்லை, டிஸ்க் நடுவில் உட்காராததுதான். 115 மில்லி டிஸ்க்கின் துளை 22.2 மில்லி. உள் ஃபிளேஞ்சில் (டிஸ்க்குக்குப் பின்னால் அதைத் தாங்கும் தட்டு) இருக்கும் மேட்டின் விளிம்பு தேய்ந்தாலோ, வேறு கம்பெனி ஃபிளேஞ்சை மாட்டினாலோ டிஸ்க் ஒரு பக்கமாக உட்காரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நட்டைக் கழற்றி, டிஸ்க்கைக் கையால் மேலே கீழே ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடினால் ஃபிளேஞ்சு போய்விட்டது. ஃபிளேஞ்சு முகத்தில் ஒட்டிக் காய்ந்த இரும்புத் தூளும் இதே வேலையைச் செய்யும், அதைத் துடைக்க ஒரு நிமிடம். பிறகு டிஸ்க் இல்லாமல் சுழல் அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங். பேரிங் போன மெஷினை "இந்த வாரம் ஓட்டு" என்று கொடுப்பது, அந்த வாரத்தை அந்தக் கையிலிருந்து எடுப்பது.

டிஸ்க்கை ஈரத் தரையில் நிறுத்தி வைக்காதீர்கள். பிசின் ஈரத்தை ஒரு பக்கம் உறிஞ்சினால் எடை அந்தப் பக்கம் போகும், டர்பன் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. உலர்ந்த அலமாரியில் படுக்க வையுங்கள். நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும், அதுதான் காலாவதித் தேதி. கீழே விழுந்த டிஸ்க்கைத் திரும்ப மாட்டவே வேண்டாம். புது டிஸ்க்கை மாட்டியதும் ஆளில்லாத பக்கம் திருப்பி அரை நிமிடம் சும்மா ஓட்டுங்கள். கை குறுகுறுத்தால் அந்த டிஸ்க் நல்லதில்லை, உடனே மாற்றுங்கள்.

பக்கக் கைப்பிடி இல்லாமல் ஓட்டவே கூடாது. ரப்பர் வைத்த கைப்பிடியாக இருந்தால் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய லாபம் வெல்டிங் பக்கம் இருக்கிறது. எத்தனை நேரம் தேய்ப்பது என்பதைத் தீர்மானிப்பது கிரைண்டர் பிடிப்பவர் இல்லை, அவருக்கு முன்னால் வெல்டிங் செய்தவர். ஆம்பியர், வோல்ட் சரியாக வைத்து, தெறிப்பு ஒட்டாமல் இருக்கும் ஸ்ப்ரே அடித்தால், தேய்க்க வேண்டிய குமிழே பாதிக்கு மேல் வராது. தையல் உயரத்தை வரைபடம் கேட்ட அளவோடு நிறுத்தினால் மீதியும் குறையும்.

மெரபேங்க்_பில்டர் (#11)

கட்டடம் உடைக்கும் பக்கத்திலிருந்து கேங்கோவுக்குச் சேர்க்கிறேன்.

புது வகைக் கேங்கோவில் கைப்பிடி ஸ்பிரிங்கில் மிதக்கும். மேலிருந்து உடம்பு எடையைப் போட்டு ஸ்பிரிங்கை அடி வரை அழுத்திவிட்டால் அது வெறும் இரும்பு, பழைய மெஷினும் இதுவும் ஒன்று. ஸ்பிரிங் பாதி வரை இறங்கினால் போதும், மெஷினின் எடையே உளியை இறக்கும். இதை ஆளுக்கு வாயால் சொன்னால் பதியாது. கைப்பிடியின் கழுத்தில் பாதி இறக்கத்துக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டு, "கோடு மறையக் கூடாது" என்று சொல்லுங்கள்.

உடைக்கும்போது விளிம்பிலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உள்ளே வையுங்கள், துண்டு விழ இடம் இருக்கும். நடுவில் குத்தினால் உளி சிக்கும். சிக்கிய உளியை ஆட்டி எடுக்கும் அந்த ஒரு நிமிடம்தான் கை அதிகம் வாங்குவது. மழுங்கிய உளி கான்கிரீட்டை உடைக்காமல் துள்ளும், அந்தத் துள்ளல் எல்லாம் மணிக்கட்டுக்கு. நாளுக்கு ஒரு கேங்கோவுக்குக் கூரான உளி மூன்று வைத்து, மழுங்கியதை மாலையில் தீட்டக் கொடுங்கள். உளியின் வால் தேய்ந்து உள்ளே தளர்ந்திருந்தால் புஷ்ஷை மாற்றுங்கள்.

உளியைக் கையால் பிடித்துக் குறி வைப்பது இன்னும் நிறைய இடத்தில் நடக்கிறது. கருவியிலேயே அதிர்வு அதிகம் உள்ள பாகம் அதுதான். தயவுசெய்து நிறுத்துங்கள்.

சுவரில் குழாய் ஓட்டக் காடி வெட்டுவதற்குக் கேங்கோவே எதற்கு? இரண்டு வைரத் தகடு உள்ள காடி வெட்டும் மெஷினில் இரு கோடு போட்டுவிட்டு நடுவை உளியால் நெம்பினால் வேலை நேரம் பாதி. தூசிக்கு வேக்குவம் கட்டாயம், சிலிக்கா நுரையீரலுக்குப் போகும். பெரிய தளம் என்றால் சின்ன எக்ஸ்கவேட்டரில் பிரேக்கர் மாட்டி வாடகைக்கு எடுங்கள்.

கார்லிடன்வில்_கீழே (#12)

காற்றில் ஓடும் கருவிக்கு இரண்டு விஷயம் விட்டுப்போனது. நீடில் கன்னின் வெளியேற்றுக் காற்று சில்லென்று இருக்கும், அது நேரே விரல் மேல் அடித்தால் ரத்தக் குழாய் இறுகும். வெளியேற்றுத் துளைக்கு ஒரு சிறு ஹோஸ் மாட்டிப் பின்பக்கம் திருப்பிவிடுங்கள். இரண்டு, அழுத்தம். தயாரிப்பாளர் சொல்வது பெரும்பாலும் 6 பார் அளவில்தான். சீக்கிரம் முடியும் என்று 8-க்கு ஏற்றினால் கைக்கு உதறல் கூடும். ரெகுலேட்டரைப் பூட்டி வையுங்கள். ஊசிகள் ஒன்று இரண்டு குட்டையாகிவிட்டால் அவற்றை மட்டும் மாற்றாமல் மொத்த செட்டையும் மாற்றுங்கள், தினமும் காலையில் நாலைந்து சொட்டு எண்ணெய் விடுங்கள்.

ஜேக்கப்ஸ்_ஃபிட்டர் (#13)

மிகவும் உபயோகமாக இருக்கிறது. ஒரு சிக்கல். மருத்துவப் பரிசோதனைக்குப் போன இரண்டு பேரிடம், "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால்தான் மரத்துப்போகிறது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

செவிலி_சாட்ஸ்வர்த் (#14)

நம் சனங்களில் சர்க்கரை அதிகம் என்பதால் இந்தப் பதில் சுலபமாக வந்துவிடுகிறது. சில சமயம் சரியாகவும் இருக்கும், அதனால் கோபப்படாமல் சோதிக்கச் சொல்லுங்கள்.

சர்க்கரையால் வரும் நரம்புக் கேடு பெரும்பாலும் பாதத்தில் தொடங்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, காலுறை போல மேலே ஏறும். பாதம் நன்றாக இருந்து, கையில் மட்டும், அதிலும் மெஷினைத் தாங்கும் கையில் அதிகமாக இருந்தால் அதிர்வைச் சந்தேகிக்க வேண்டும். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), தைராய்டு, பி12 மூன்றையும் எடுத்துவிட்டால் பேச்சு தெளிவாகும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், புரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவை விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். தானாக நிறுத்த வேண்டாம்.

அடுத்து, எந்த விரல் என்று பாருங்கள். கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரலில் பாதி மரத்து, சுண்டு விரல் நன்றாக இருந்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது, கார்பல் டனல். ராத்திரி தூக்கத்தில் எழுப்பி, கையை உதறினால் விடும். அதிர்வுக் கருவி பிடிப்பவர்களுக்கு அதுவும் கூடுதலாக வரும், இரண்டும் சேர்ந்தும் இருக்கும். அறுவை செய்தால் நெரிபட்ட நரம்பு தேறலாம். விரல் நுனியிலேயே கெட்ட நரம்புக்கு அந்த அறுவை உதவாது. அதனால் அறுவைக்கு முன் இரண்டையும் பிரித்துச் சொல்லும்படி கேளுங்கள்.

வெளுப்பது டாக்டர் அறையில் நடக்காது. வெளுக்கும்போது போனில் படம் எடுத்து வையுங்கள். கை முழுவதும் தெரிய வேண்டும், வெள்ளைக்கும் மற்ற நிறத்துக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லை தெரிய வேண்டும். கறுத்த தோலில் வெளிறல் உள்ளங்கைப் பக்கம்தான் நன்றாகத் தெரியும், அந்தப் பக்கத்தையும் எடுங்கள். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். மரத்த கையைக் கொதிநீரில் விடவும் வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துவிடும்.

தொழிற்சங்க_மேசை (#15)

இழப்பீட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். 1993-ஆம் ஆண்டு 130-ஆம் எண் இழப்பீட்டுச் சட்டம், நாம் கோய்டா என்று சொல்வது, அதன் மூன்றாவது அட்டவணையில் கை-புய அதிர்வு நோய் பெயர் சொல்லி இருக்கிறது. அதிர்வு வேலை செய்ததும் நோயும் நிரூபணமானால், வேலையால்தான் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதை மறுப்பவர்தான் மாறாகக் காட்ட வேண்டும்.

தாள்கள்: முதலாளி நிரப்புவது டபிள்யூ.சி.எல். 1. தொழிலாளி நிரப்புவது டபிள்யூ.சி.எல். 14. டாக்டரின் முதல் அறிக்கை டபிள்யூ.சி.எல். 22. எந்த வருடம் எந்த மெஷின் என்று எழுதும் வரலாறு டபிள்யூ.சி.எல். 110. இந்த 110-ல்தான் கோரிக்கைகள் சரிகின்றன. "கிரைண்டர் வேலை, 12 வருடம்" என்று எழுதினால் போதாது. மெஷின் வகை, டிஸ்க் அளவு, நாளுக்குச் சுவிட்ச் அழுத்திய மணி நேரம், இடையில் வேறு வேலை பார்த்த மாதங்கள் எல்லாம் வேண்டும். மேலே ஐயா சொன்ன ஸ்டாப்வாட்ச் தாளை நகல் எடுத்து இணையுங்கள். நோய் என்று டாக்டர் எழுதிய தேதியிலிருந்து காலக் கெடு ஓடும், அந்த வாரமே தொடங்குங்கள். முதலாளி தாளை நிரப்ப மறுத்தாலும் தொழிலாளி தன் 14-ஐயும் டாக்டரின் 22-ஐயும் நேரே இழப்பீட்டு ஆணையர் அலுவலகத்தில் கொடுக்கலாம்.

சுரங்க ஆட்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். 1973-ஆம் ஆண்டின் சுரங்க நோய்ச் சட்டம் நுரையீரல், இதயம் சார்ந்த நோய்க்குத்தான். கைக்கு அது கிடையாது, கோய்டாவிலேயே போக வேண்டும், சுரங்கத்துக்கு அதை ராண்ட் மியூச்சுவல் என்ற காப்பீட்டு நிறுவனம் நடத்துகிறது.

ஜேக்கப்ஸ்_ஃபிட்டர் (#16)

எல்லோருக்கும் நன்றி. நாளைக் காலை ஃபிளேஞ்சு, பேரிங் பார்த்துவிட்டு, ஸ்டாப்வாட்ச் கணக்கும் தொடங்கலாம் என்று இருக்கிறோம். இரண்டு மெஷினையும் ஒரே ஆள் பிடிப்பதைப் பிரித்து, காலையில் கிரைண்டர் பிடித்தவருக்கு மதியம் நீடில் கன் கொடுக்காமல் விட்டால் போதுமா?

அளவுகோல் (#17)

முதல் நாளுக்கு நல்லது, ஆனால் ஜாக்கிரதை. 297-ஐ இரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 150 அளவில் வரும், இருவருமே இன்னும் நூறுக்கு மேல். ஒருவருக்கு இருந்த ஆபத்தை இருவருக்குக் கொடுத்த மாதிரி ஆகும். முதலில் மெஷினைச் சரிசெய்து, வெல்டிங் பக்கம் தேய்ப்பைக் குறைத்து, மொத்தத்தை இறக்குங்கள். மிஞ்சியதைப் பிறகு பிரியுங்கள். கிரைண்டர் 7-லிருந்து 5-க்கு இறங்கினால் அதே ஒன்றரை மணி நேரத்துக்கு 147-க்குப் பதில் 75 புள்ளிதான்.

செவிலி_சாட்ஸ்வர்த் (#18)

ஏற்கெனவே நமநமக்கும் ஆட்களை அந்தச் சுழற்சியில் சேர்க்காதீர்கள் தம்பி. அவர்கள் டாக்டரைப் பார்த்து வரும் வரை அதிர்வு இல்லாத வேலை கொடுங்கள். சம்பளம் குறையாது என்பதை அவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் "கை நன்றாக இருக்கிறது" என்பார்கள்.